ரிசர்வ் பண்ணியும் வெக்டர் ஏன் காலி?

சி++ எழுதுகிறவர்கள் தினமும் கடந்துபோகிற வரி இது: காப்பி(பழசு.பிகின்(), பழசு.எண்ட்(), பேக்_இன்செர்ட்டர்(புதுசு)). பழசு என்கிற வெக்டரில் இருப்பதெல்லாம் புதுசு என்கிற வெக்டரின் வாலில் போய்ச் சேரும். (இந்தப் பதிவு முழுக்க நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். கம்பைலரிடம் கொடுக்கும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள், அதற்கு அவ்வளவு தமிழ்ப் பற்று இல்லை.) ஆனால் அந்த மூன்றாவது ஆர்கியுமென்ட் இருக்கிறதே, அது ஒரு நல்ல தில்லுமுல்லு. இட்டரேட்டர் வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. வேஷத்தைக் கலைத்துப் பார்த்தால் உள்ளே எந்த இடத்தையும் சுட்டிக்காட்டுகிற ஆளே கிடையாது. இந்த வேஷம் எதற்குத் தேவைப்பட்டது, எங்கே உதவுகிறது, எங்கே சத்தமில்லாமல் நேரத்தைத் தின்கிறது என்று விலாவாரியாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எழுத வைத்தது ஒரு கோட் ரிவ்யூ. குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் வந்து நின்றார். "அக்கா, டெஸ்ட் ஃபெயில் ஆகுது. கிராஷ் இல்ல, எரர் இல்ல. ஆனா வெக்டர் மட்டும் காலியா இருக்கு. ரிசர்வ் எல்லாம் பண்ணிட்டுத்தான் காப்பி பண்றேன்."

திரையில் பார்த்தால், புதுசு.ரிசர்வ்(5) என்று ஒரு வரி. அடுத்த வரியில் காப்பி(பழசு.பிகின்(), பழசு.எண்ட்(), புதுசு.பிகின்()). அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஐந்து பேருக்கு இடம் ஒதுக்கியாயிற்று, ஐந்து பேரையும் அனுப்பியாயிற்று, போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்றால் குழப்பம் வரத்தானே செய்யும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எஸ்டிஎல் என்று நாம் சொல்லும் நூலகத்தின் மூளை அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். டேவிட் மஸ்ஸருடன் சேர்ந்து ஏடா மொழியில் இதே யோசனையை முன்பே செய்து பார்த்தவர். பிறகு ஹியூலெட் பேக்கர்ட் ஆய்வகத்தில் மெங் லீயுடன் சேர்ந்து சி++ல் எழுதினார். 1993 நவம்பரில் சான் ஹோசேயில் நடந்த ஸ்டாண்டர்டு கமிட்டிக் கூட்டத்தில் இதை விளக்கினார். 1994 ஜூலையில் வாட்டர்லூ கூட்டத்தில் கமிட்டி ஏற்றுக்கொண்டது. கமிட்டி வேலைகளின் வேகம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அவசரமான சம்பவம் என்று புரியும்.

அவருடைய அடிப்படை யோசனை இதுதான். தேடுவது, வரிசைப்படுத்துவது, பிரதி எடுப்பது போன்ற அல்காரிதம்கள் ஒரு பக்கம். வெக்டர், லிஸ்ட், செட் போன்ற கன்டெய்னர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒவ்வொரு அல்காரிதத்தையும் தனித்தனியாக எழுதினால் பெருக்கல் கணக்கில் வேலை ஏறும். நடுவில் இட்டரேட்டரை நிறுத்திவிட்டால் அது கூட்டல் கணக்காகிவிடும். அல்காரிதத்துக்குக் கன்டெய்னரின் பெயர்கூடத் தெரிய வேண்டாம். கன்டெய்னருக்கு அல்காரிதம் எதுவென்று தெரிய வேண்டாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை நடக்கும்.

பார்க்காமலே நடப்பதில்தான் சங்கடமும் இருக்கிறது. சாதாரண இட்டரேட்டர் என்பது ஏற்கனவே இருக்கிற ஓர் உறுப்பைக் காட்டுகிற விரல். அதை வைத்து அந்த உறுப்பைப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்ததற்கு நகரலாம். கன்டெய்னரைப் பெரிதாக்க முடியாது; அதன் கையில் கன்டெய்னரே இல்லை. ஆகவே காப்பிக்கு நீங்கள் புதுசு.பிகின்() என்று கொடுத்தால், அது அங்கே உறுப்புகள் தயாராக இருக்கின்றன என்று நம்பி எழுதிக்கொண்டே போகும். இருக்கிறதா என்று கேட்கிற வழி அதற்குக் கிடையாது.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள், தலை நிமிர்ந்து பார்க்காமல் வரிசையாக ஊற்றிக்கொண்டே போகிற ரகம். அவர்தான் காப்பி. இலை போட்டிருந்தால் இலையில் விழும், போடாவிட்டால் மேஜையில் விழும். ரிசர்வ் என்பது மேஜை நாற்காலி போட்டு வைப்பது மட்டுமே. ரிசைஸ் செய்தால்தான் வெறும் இலைகள் விரிக்கப்படும். பேக் இன்செர்ட்டர் என்பது வாளிக்காரருக்கு முன்னால் இலைக்கட்டோடு நடந்துபோகிற இன்னொரு ஆள்: ஒவ்வொரு கரண்டி சாயும்போதும் சரியாக ஓர் இலையை நீட்டி வைப்பார். வாளிக்காரருக்கு இவர் இருப்பதே தெரியாது.

தம்பியின் வெக்டரில் நடந்தது இதுதான். ரிசர்வ் செய்ததால் மெமரி உண்மையிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் எழுதும்போது கிராஷ் ஆகவில்லை. ஐந்து எண்களும் அந்த மெமரியில் போய் உட்கார்ந்தும்விட்டன. ஆனால் வெக்டரின் சைஸ் பூஜ்ஜியமாகவே இருக்கிறது, ஏனென்றால் அதை யாரும் கூட்டவில்லை. லூப் போட்டு அச்சிட்டால் ஒன்றும் வராது. அடுத்து யாராவது புஷ்_பேக் செய்தால் முதல் எண்ணின் மேலேயே போய் விழும். ஸ்டாண்டர்டின் கணக்கில் இது அன்டிஃபைன்ட் பிஹேவியர், என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். வெறும் இண்ட் என்பதால் சாதுவாகக் காலியாகத் தெரிந்தது. ஸ்ட்ரிங் வெக்டராக இருந்தால், கன்ஸ்ட்ரக்ட் ஆகாத பொருளின் மீது அசைன்மென்ட் நடந்து பெரும்பாலும் அங்கேயே விழுந்திருக்கும். ரிசர்வே செய்யாமல் விட்டிருந்தால் பிகின்() நடைமுறையில் நல் பாயிண்டராக இருந்து முதல் எழுத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட் வந்திருக்கும். அந்த வகையில் ரிசர்வ் செய்ததுதான் பிழையை ஒளித்துவைத்தது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூத்தும் உண்டு. "இடம் போதவில்லையாம், பெரிதாக்கிவிடுவோம்" என்று ரிசைஸ்(5) போட்டுவிட்டு, கூடவே பேக் இன்செர்ட்டரும் கொடுப்பது. முதல் ஐந்து இடங்களில் பூஜ்ஜியம், அதற்குப் பின்னால் உண்மையான ஐந்து எண்கள், மொத்தம் பத்து. கூட்டுத்தொகை சரியாக வரும். சராசரி மட்டும் சரிபாதியாக வரும். கண்டுபிடிக்க இதைவிட எரிச்சலான பிழை குறைவு. ஜோடி சேர்ப்பதில் குழப்பமே வேண்டாம்: ரிசைஸ் என்றால் பிகின்(), ரிசர்வ் என்றால் பேக் இன்செர்ட்டர்.

ஜிசிசி பயன்படுத்துகிறவர்கள் லிப்ஸ்டிசி++இன் டீபக் மோடை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள், தம்பியின் வரி உடனே மாட்டும். அட்ரஸ் சானிடைசர் மட்டும் போட்டால், ஒதுக்கிய மெமரிக்குள்ளேயே எழுதுவதால், கூடுதல் அமைப்பு இல்லாமல் இது தப்பிவிட வாய்ப்பு உண்டு. லிப்சி++ என்கிற இன்னொரு நூலகத்தில் வெக்டரின் காலியான பகுதியையும் சானிடைசருக்குச் சொல்லிவைக்கிற ஏற்பாடு இருப்பதால் அங்கே பிடிபடும்.

இப்போது அந்த இலைக்கட்டு ஆளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பேக் இன்செர்ட்டர் என்பது ஒரு குட்டி ஃபங்ஷன். அது திருப்பித் தருவது பேக்_இன்செர்ட்_இட்டரேட்டர் என்கிற கிளாஸின் பொருள். அந்தக் கிளாஸுக்குள் இருப்பது ஒரே ஒரு டேட்டா மெம்பர்: கன்டெய்னரைக் காட்டும் பாயிண்டர். அல்காரிதம் இட்டரேட்டரிடம் மூன்று காரியங்கள் செய்யும். முதலில் நட்சத்திரக் குறி போட்டு அந்த இடத்தைத் திறக்கும், அடுத்து சமக்குறி போட்டு மதிப்பை எழுதும், பிறகு ++ போட்டு நகரும். இந்தக் கிளாஸில் நட்சத்திர ஆபரேட்டர் ஒன்றுமே செய்வதில்லை; தன்னையே திருப்பிக் கொடுக்கும். ++ ஆபரேட்டரும் ஒன்றும் செய்வதில்லை. அதுவும் தன்னையே கொடுக்கும். மொத்த வேலையும் சமக்குறியில்தான். அசைன்மென்ட் ஆபரேட்டருக்குள் போய்ப் பார்த்தால் ஒரே வரி: கன்டெய்னரின் புஷ்_பேக்கைக் கூப்பிடு.

அவ்வளவுதான். "இந்த இடத்தில் எழுது" என்று அல்காரிதம் சொல்வதை "கடைசியில் சேர்" என்று மாற்றிக் கேட்கிற மொழிபெயர்ப்பாளர். சிலர் நட்சத்திரமும் ++ம் போடாமல் நேராக இட் = 7 என்று எழுதிப் பார்த்துவிட்டு "இதுவும் ஓடுகிறதே" என்று ஆச்சரியப்படுவார்கள். ஓடும், ஏனென்றால் மற்ற இரண்டும் சும்மா சடங்கு. ஆனால் நீங்கள் எழுதும் டெம்ப்ளேட்டில் அந்தச் சடங்கை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு யாராவது உண்மையான இட்டரேட்டரைக் கொண்டுவந்து கொடுத்தால் கம்பைலர் முகத்தைச் சுளிக்கும்.

பாயிண்டர் மட்டுமே வைத்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. வெக்டர் வளரும்போது மெமரி இடம் மாறும். பழைய இட்டரேட்டர்களெல்லாம் செத்துப்போகும். பேக் இன்செர்ட்டருக்கு அந்தக் கவலை கிடையாது, அது எந்த உறுப்பையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லையே. ஆனால் இந்தப் பாதுகாப்பு அதற்கு மட்டும்தான், கூட வருகிற மற்ற இரண்டு ஆர்கியுமென்டுக்கு இல்லை. ஒரு வெக்டரைத் தன் வாலிலேயே இரட்டிக்க நினைத்து காப்பி(வி.பிகின்(), வி.எண்ட்(), பேக்_இன்செர்ட்டர்(வி)) என்று எழுதுகிறவர்கள் உண்டு. முதல் புஷ்_பேக்கிலேயே மெமரி இடம் மாறிவிட்டால், படித்துக்கொண்டிருக்கும் இட்டரேட்டர் காலி செய்யப்பட்ட வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்கூட்டியே ரிசர்வ் செய்தால் நடைமுறையில் ஓடலாம். சட்டப்படி அதுவும் தப்பு, புஷ்_பேக் ஆனதுமே பழைய எண்ட்() செல்லாது. சரி, இன்செர்ட் மெம்பரைப் பயன்படுத்தலாம் என்றால், அதற்குக் கொடுக்கும் ஜோடி இட்டரேட்டர்கள் அதே கன்டெய்னரைச் சேர்ந்தவையாக இருக்கக் கூடாது என்று ஸ்டாண்டர்டு சொல்கிறது. சைஸை ஒரு வேரியபிளில் எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டு மடங்காக ரிசைஸ் செய்து, காப்பி_என் போட்டு முதல் பாதியை இரண்டாம் பாதிக்குள் எழுதுவதுதான் சுத்தமான வழி.

பேக் இன்செர்ட்டருக்கு வெக்டர்தான் வேண்டும் என்பதில்லை. புஷ்_பேக்கும் வேல்யூ_டைப்பும் உள்ள எதுவும் ஆகும். ஸ்ட்ரிங், டெக், லிஸ்ட் எல்லாம் சரி. நீங்களே எழுதிய கிளாஸும் சரி. ஸ்டாக், க்யூ, ப்ரையாரிட்டி க்யூ மூன்றுக்கும் செல்லாது, ஏனென்றால் அங்கே ஃபங்ஷனின் பெயர் வெறும் புஷ். இதற்கென்று ஸ்டாண்டர்டில் தனி இன்செர்ட்டர் கிடையாது. தேவைப்பட்டால் மேலே சொன்ன கிளாஸை அப்படியே எழுதி, புஷ்_பேக் இருக்கும் இடத்தில் புஷ் என்று போட்டுக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும். இட்டரேட்டர் எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட எளிதான முதல் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

ஃபிரன்ட் இன்செர்ட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புஷ்_ஃபிரன்ட்டைக் கூப்பிடும். வெக்டரில் புஷ்_ஃபிரன்ட் கிடையாது என்பதால் அங்கே கம்பைல் ஆகாது. லிஸ்ட், ஃபார்வர்ட் லிஸ்ட், டெக் மூன்றுக்கும் ஆகும். நினைவில் வைக்க வேண்டியது, வரிசை தலைகீழாகிவிடும். 9 மட்டும் இருக்கும் லிஸ்டில் 1, 2, 3ஐ இப்படிச் சேர்த்தால் கிடைப்பது 3, 2, 1, 9. ஒவ்வொருவரும் வந்து முன்னால் நின்றால் கடைசியாக வந்தவர்தானே முதலில் நிற்பார்.

சுவாரஸ்யமானது மூன்றாவது ஆள், வெறும் இன்செர்ட்டர். இது இரண்டு ஆர்கியுமென்ட் வாங்கும்: கன்டெய்னர், அதில் ஓர் இடம். அதே லிஸ்டில் இன்செர்ட்டர்(லிஸ்ட், லிஸ்ட்.பிகின்()) என்று கொடுத்துப் பாருங்கள். இதுவும் முன்னால் சேர்ப்பதுதானே, இதுவும் தலைகீழாகத்தான் வரும் என்று நினைப்போம். வராது. 1, 2, 3, 9 என்றே வரும்.

காரணம் அதன் அசைன்மென்டுக்குள் இருக்கும் இரண்டு வரிகள். முதல் வரி, கன்டெய்னரின் இன்செர்ட்டைக் கூப்பிட்டு, அது திருப்பித் தரும் இட்டரேட்டரைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதாவது இப்போது சேர்த்த உறுப்பின் மேல் நிற்கிறது. இரண்டாவது வரி, அந்த இட்டரேட்டரை ஓரடி முன்னே தள்ளுகிறது. அந்த ஓரடியில்தான் எல்லாம் இருக்கிறது. 10, 20, 50 என்ற வெக்டரில் 50க்கு முன்னால் 30, 40ஐச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். 30 போனதும் இட்டரேட்டர் 30ஐக் காட்டும். ஓரடி தள்ளினால் மறுபடி 50. அடுத்த 40 அதற்கு முன்னால் போய் உட்காரும்: 10, 20, 30, 40, 50. ஓரடி தள்ளாமல் விட்டிருந்தால் 40 போய் 30க்கு முன்னால் விழுந்திருக்கும். இன்செர்ட் திருப்பித் தருவதையே எடுத்து வைத்துக்கொள்வதால், நடுவில் வெக்டர் மெமரி மாற்றினாலும் இது பிழைத்துக்கொள்ளும். இன்செர்ட்டரை உருவாக்கியதற்கும் பயன்படுத்தியதற்கும் நடுவில் நீங்கள் வேறு வழியாக வெக்டரில் கைவைத்தால் மட்டும் உத்தரவாதம் இல்லை.

செட், மேப் இரண்டிலும் சேர்க்க வேண்டுமானால் இன்செர்ட்டர்தான் வழி. அங்கே புஷ்_பேக்கும் இல்லை, புஷ்_ஃபிரன்ட்டும் இல்லை. செட் தன் வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளுமே, பிறகு எதற்கு இடம் கேட்கிறது என்று தோன்றும். அங்கே அந்த இடம் ஒரு குறிப்பு மட்டும்: "இந்தப் பக்கம் தேடிப்பார், கிடைக்கலாம்". குறிப்பு சரியாக இருந்தால் மரத்தின் உச்சியிலிருந்து இறங்கித் தேட வேண்டாம், சராசரியாக மாறாத செலவில் வேலை முடியும். தப்பாக இருந்தால் வழக்கம்போல் லாக் கணக்கில் தேடும். முடிவு மாறாது.

அந்த "ஓரடி தள்ளு" இங்கே எதிர்பாராத நன்மை ஒன்றைச் செய்கிறது. வரிசைப்படுத்திய தரவை எண்ட்() கொடுத்துக் காலியான செட்டில் சேர்க்கிறீர்கள். முதல் உறுப்பு கடைசியில் போகும், ஓரடி தள்ளினால் மறுபடி எண்ட்(). அடுத்ததும் கடைசியில்தான். குறிப்பு ஒவ்வொரு முறையும் சரி. எண்ட்()க்குப் பதிலாக பிகின்() கொடுத்துவிட்டால்? காலியான செட்டில் இரண்டும் ஒன்றுதான், வித்தியாசமே இல்லை. காலியில்லாத செட்டாக இருந்தாலும் முதல் முறை மட்டும் குறிப்பு தப்பலாம். அதன்பின் இட்டரேட்டர் தான் சேர்த்த உறுப்புக்கு அடுத்து நிற்பதால், பக்கத்துப் பக்கத்தில் போகவேண்டிய உறுப்புகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். பிகின்() கொடுப்பதா எண்ட்() கொடுப்பதா என்று ரிவ்யூக்களில் நடக்கும் பட்டிமன்றங்களில் பாதி தேவையற்றவை. அன்ஆர்டர்ட் வகைகளுக்கு இந்தக் குறிப்பைப் பொருட்படுத்த வேண்டிய கட்டாயமே இல்லை.

இனி செலவுக் கணக்கு. அல்காரிதமும் கன்டெய்னரும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பதற்கான பில் இங்கேதான் வருகிறது. காப்பிக்கு ஆயிரம் உறுப்புகள் வரப்போவது தெரியும், இரண்டு இட்டரேட்டர்களைக் கழித்தால் போதும். வெக்டருக்கு அது தெரியாது. நடுவில் நிற்கிற பேக் இன்செர்ட்டர் அந்தச் செய்தியைக் கடத்துவதில்லை. அதற்கு ஒவ்வொன்றாகப் போடத்தான் தெரியும். லிப்ஸ்டிசி++ல் வெக்டர் இரண்டு மடங்காக வளரும்: 1, 2, 4, 8 என்று 1024 வரை. ஆயிரம் உறுப்பு சேர்ப்பதற்குள் 11 முறை மெமரி கேட்கும். பழையதைப் புதிய இடத்துக்கு மாற்றுவது மட்டும் மொத்தம் 1023 நகர்த்தல்கள். மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் ஒன்றரை மடங்காக வளர்வதால் இன்னும் சில முறை கூடுதல். அதே வேலையை புதுசு.இன்செர்ட்(புதுசு.எண்ட்(), பழசு.பிகின்(), பழசு.எண்ட்()) என்று எழுதினால் வெக்டர் முதலில் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிடும். மெமரி ஒரே முறை.

ஸ்காட் மேயர்ஸ் 2001ல் வந்த எஃபெக்டிவ் எஸ்டிஎல் நூலில் இதற்கென்றே ஒரு குறிப்பு ஒதுக்கி, ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட மொத்தமாகச் சேர்க்கும் மெம்பர் ஃபங்ஷன்களை விரும்பச் சொல்கிறார். அதே நூலில் இன்னொரு குறிப்பு, எழுதும் இடம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது; தம்பிக்கு அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினேன். கால் நூற்றாண்டு ஆகிறது, இன்னும் அந்த இரண்டு பிழைகளும் ஓயவில்லை.

வாலில் சேர்ப்பதாவது பரவாயில்லை. வெக்டரின் தலையிலோ நடுவிலோ இன்செர்ட்டர் வைத்துச் சேர்ப்பதுதான் உண்மையான செலவு. ஒரு லட்சம் உறுப்புள்ள வெக்டரின் தலையில் ஆயிரம் உறுப்பைச் சேர்க்கிறீர்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் பேரும் ஓர் இடம் நகர வேண்டும். மொத்தம் பத்துக் கோடி நகர்த்தல்கள். மொத்தமாக இன்செர்ட் செய்தால் அந்த ஒரு லட்சம் பேரும் ஒரே தடவையில் ஆயிரம் இடம் நகர்ந்துவிடுவார்கள். ரிசர்வ் செய்தாலும் இந்தச் செலவு குறையாது. அது மெமரி கேட்கும் செலவை மட்டுமே குறைக்கும்.

அப்படியானால் இந்த இன்செர்ட்டர்கள் எதற்கு? என் கட்சி இதுதான்: எத்தனை வரும் என்று தெரிந்த இடத்தில் இவற்றுக்கு வேலை குறைவு, தெரியாத இடத்தில் இவற்றை விட்டால் ஆளில்லை. வெறும் காப்பிக்கு பேக் இன்செர்ட்டர் போடுவது அநேகமாகப் பழக்க தோஷம். காப்பி_இஃபுக்குப் போடுவது அவசியம். எத்தனை உறுப்பு தேறும் என்பது ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே தெரியும். (காப்பி_இஃப் 1998 ஸ்டாண்டர்டில் தவறுதலாக விடுபட்டு 2011ல்தான் வந்தது. அதுவரை ரிமூவ்_காப்பி_இஃப் எடுத்து நிபந்தனையைத் தலைகீழாகப் போட்டு ஒப்பேற்றினோம். இன்னும் சில பழைய கோப்புகளில் அந்தத் தலைகீழ் நிபந்தனைகள் கிடக்கின்றன.)

அதைவிட நல்ல உதாரணம் செட்_இன்டர்செக்ஷன். 3, 7, 12, 20, 31 என்று ஒரு பட்டியல்; 7, 9, 20, 40 என்று இன்னொன்று. இரண்டிலும் பொதுவானது 7, 20. பார்ப்பதற்கு முன் விடையின் நீளம் பூஜ்ஜியமாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். பேக் இன்செர்ட்டர் இல்லாவிட்டால் அதிகபட்ச அளவுக்கு ரிசைஸ் செய்து, அல்காரிதம் திருப்பித் தரும் இட்டரேட்டரை வைத்து மிச்சத்தை வெட்டி எறிய வேண்டும். செய்யலாம், யாருக்கும் படிக்கப் பிடிக்காது. செட்_டிஃபரன்ஸுக்கும் இதே நிலைதான். ட்ரான்ஸ்ஃபார்ம் நடுவில் நிற்கிறது: எத்தனை வரும் என்று தெரியும், ஆனால் வகை மாறுகிறது. அங்கே நான் ரிசர்வ் செய்துவிட்டு பேக் இன்செர்ட்டர் கொடுப்பேன். ரிசைஸ் செய்தால் எல்லா உறுப்பையும் ஒருமுறை வெறுமையாகக் கட்டிவிட்டு மறுபடி மேலெழுத வேண்டியிருக்கும்; டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் இல்லாத வகையென்றால் அதுவும் முடியாது.

இன்னொரு இடம், எழுத்து வடிவமைப்பு. சி++20ல் வந்த ஃபார்மட்_டூ எந்த அவுட்புட் இட்டரேட்டரிலும் எழுதும். ஸ்ட்ரிங்குக்கு பேக் இன்செர்ட்டர் கொடுத்தால் அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போகலாம். அதற்கு முன்னோடியான, விக்டர் ஸ்வெரோவிச் எழுதிய எஃப்எம்டி நூலகத்தின் உள்ளே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக புஷ்_பேக் செய்தால் மெதுவாகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே வந்திருப்பது பேக் இன்செர்ட்டரா என்று பார்க்கிறார்கள். ஆமென்றால், அதிலிருந்து கன்டெய்னரையே பிடுங்கி எடுத்து, தேவையான அளவு பெரிதாக்கி, நேராக உள்ளே எழுதிவிடுகிறார்கள். எப்படிப் பிடுங்குகிறார்கள்? அந்த ஒரே டேட்டா மெம்பர், கன்டெய்னர் பாயிண்டர், பிரைவேட் இல்லை. புரொடெக்டட் என்று ஸ்டாண்டர்டே எழுதிவைத்திருக்கிறது, பெயரோடு. ஆகவே அந்தக் கிளாஸிலிருந்து ஒரு குட்டிக் கிளாஸை டிரைவ் செய்தால் பாயிண்டர் கைக்கு வந்துவிடும். ஒருவரையொருவர் அறியாமல் இருக்க வேண்டும் என்று கட்டிய சுவரில், கட்டியவர்களே சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முறையா என்று கேட்டால் எனக்கு இரண்டு மனசு. வேகம் என்று கேட்டால் ஒரே மனசு.

பைத்தானில் எக்ஸ்டெண்ட் என்று ஒரு மெதடில் முடித்துவிடுகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இத்தனை சடங்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரஸ்ட் இதை அழகாகச் செய்திருக்கிறது: அங்கே இட்டரேட்டரே சைஸ்_ஹின்ட் என்ற ஃபங்ஷன் மூலம் சுமார் எத்தனை வரும் என்று முன்கூட்டிச் சொல்லும், வெக் அதைக் கேட்டு இடம் ஒதுக்கிக்கொள்ளும். நம் பேக் இன்செர்ட்டர் கடத்தாமல் விட்ட அதே செய்திதான்.

சி++23ல் நம் பக்கமும் கதவு திறந்தது. அப்பெண்ட்_ரேஞ்ச், இன்செர்ட்_ரேஞ்ச், ப்ரிபெண்ட்_ரேஞ்ச் என்று கன்டெய்னர்களுக்கே மெம்பர்கள் வந்துவிட்டன. ப்ரிபெண்ட்_ரேஞ்ச் ஃபிரன்ட் இன்செர்ட்டரைப் போல வரிசையைத் தலைகீழாக்குவதில்லை. ரேஞ்சஸ்::டூ வந்தபின், வடிகட்டி மாற்றிய ஒரு ரேஞ்சை ஒரே வரியில் வெக்டராக்கிவிடலாம். இதைப் பார்த்துவிட்டு, இனி இன்செர்ட் இட்டரேட்டர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சி++17லேயே கம்பைல் செய்துகொண்டிருக்கும் அலுவலகங்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது ஒரு புறம். இன்னொரு புறம், ரேஞ்சஸ்::டூ எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சி++23 ஸ்டாண்டர்டு எழுதியிருப்பதைப் படித்தால், கன்டெய்னரை நேரடியாகக் கட்ட எந்த வழியும் பொருந்தாதபோது அது செய்வது இதுதான்: அளவு தெரிந்தால் ரிசர்வ் செய், புஷ்_பேக் இருந்தால் பேக் இன்செர்ட்டரை எடு, இல்லாவிட்டால் எண்ட்() கொடுத்து இன்செர்ட்டரை எடு, காப்பி செய். பின்னால் வந்த ஒரு திருத்தத்தில் அந்த வாசகத்தை மாற்றியிருக்கிறார்கள். ரிசர்வ் செய்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது மட்டும் அங்கே அப்படியேதான் இருக்கிறது.